பூண்டு போட்ட பானகம்

தாய்லாந்துக்குப் போகிறோம் என்று சொன்னதும் எங்கள் வார்டில் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "அங்க சோறு கெடைக்குமா?" உலகத்துக்கே அரிசி ஏற்றுமதி செய்கிற நாட்டுக்குப் போகிறவளிடம் கேட்கிற கேள்வியா இது என்று எனக்குச் சிரிப்பு வந்தது. பெருமையாக ஒரு பதிலும் சொன்னேன். "எனக்கு எந்த ஊருச் சோறும் ஒண்ணுதாங்க. கெடைக்கறதத் தின்னுட்டு ஊரச் சுத்துவேன்." பக்கத்தில் நின்ற சரோஜா அக்கா எதுவும் சொல்லாமல் மருந்து அலமாரியைப் பூட்டிவிட்டுப் போனார். அன்றைக்கே அவர் வாயைத் திறந்திருந்தால் நான் கொஞ்சம் உஷாராகியிருப்பேன்.

நானும் சரோஜா அக்காவும் தர்மபுரியில் ஒரு தனியார் மருத்துவமனையில் செவிலியர்கள். எனக்கு நாற்பத்து மூன்று வயது, அவருக்கு ஐம்பத்தெட்டு. நான் பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம், அவர் பென்னாகரம். பிப்ரவரி கடைசியோடு அவருக்கு வேலை முடிகிறது. மார்ச்சில் பெங்களூரில் இருக்கும் மகன் கார்த்தி வீட்டுக்குப் போய்விடுவார். மருமகள் நீட்டி வாங்கிய பிரசவ விடுப்பு முடிகிறது, எட்டு மாதப் பேரனைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். அதில் அவருக்கு வருத்தம் எதுவும் கிடையாது. பேரனின் படத்தைக் காட்டாமல் அவர் டீ குடித்து நான் பார்த்ததில்லை.

ஆனால் ஒரு மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு சொன்னார். "நான் சேலத்துக்குப் போனது டிரைனிங்குக்கு. பெங்களூருக்குப் போனது கார்த்தி கல்யாணத்துக்கு. சும்மா ஒரு ஊரப் பாக்கலாம்னு நான் எங்கயும் போனதே இல்ல மேரி. கொழந்தையோட உக்காந்துட்டன்னா அப்புறம் எங்க போறது. அதுக்கு முன்னாடி ஒருவாட்டி எங்கனா போவணும். ஒருவாட்டி போதும்."

அந்த ஒருவாட்டிக்குத் துணை நான். பத்து நாள். சூட்கேஸ் கூடாது, முதுகில் ஒரு பைதான், நினைத்த இடத்தில் இறங்குவோம் என்று சட்டம் போட்டதும் நான்தான். அக்கா, கார்த்தி இன்ஜினியரிங் படித்தபோது மாட்டிக்கொண்டு போன பையைத் தூசு தட்டி எடுத்து வந்தார். கூடவே ஒரு மஞ்சள் பையும் வந்தது. அதற்குள் பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், நாரத்தங்காய் ஊறுகாய், ஒரு பாட்டில் நல்லெண்ணெய். "பத்து நாளைக்குத் தாங்கும்" என்றார். இது என்ன அக்கா, ஊர் சுற்றப் போகிறோமா, விடுதியில் சேரப் போகிறோமா என்று கேலி செய்தேன். எங்கள் வீட்டுக்காரர் மட்டும், "அந்தப் பையப் பத்தரமாப் பாத்துக்க" என்றார். பத்தொன்பது வருடத்தில் அவர் சொன்ன ஒரே உருப்படியான புத்திமதி அது, நான்தான் காதில் வாங்கவில்லை.

முதல் நாள் பாங்காக்கில் இறங்கியபோது, ஏப்ரல் மாதம் தர்மபுரி பேருந்து நிலையத்தில் இறங்கியது போலவே வேர்த்தது. நகரப் பேருந்தில் ஓட்டுநருக்கு முன்னால் சாமி படம், அதற்கு மல்லிகைச் சரம். தெருமுனையில் வண்டி வைத்து ஒரு அம்மாள் மாங்காயைக் கீற்றாக நறுக்கி, உப்பும் மிளகாய்த்தூளும் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். அக்கா ஒரு கீற்றைக் கடித்துவிட்டு, "நம்ம ஊர்ல செங்காயா இருக்கறப்ப வர்ற ருசி" என்று சான்றிதழ் கொடுத்தார். நான் உடனே ஒரு கணக்கு ஆரம்பித்தேன். ஊரை ஞாபகப்படுத்துகிற ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண். சாயங்காலத்துக்குள் பதினொன்று வந்துவிட்டது.

படகுத் துறையில் ஒரு பெரியவர் எங்களைப் பார்த்து எந்த நாடு என்று ஆங்கிலத்தில் கேட்டார். இந்தியா என்றதும் கை கூப்பி, "புத்தருடைய ஊர்" என்றார். அக்காவும் கை கூப்பிக்கொண்டு, தமிழிலேயே, "அது வடக்கங்க. நாங்க பென்னாகரம் பக்கம்" என்று திருத்தினார். பெரியவர் புரிந்ததுபோலத் தலையாட்டினார். அன்று இரவு விடுதியில் வெறும் சோறு வாங்கி, பருப்புப்பொடியும் நல்லெண்ணெயும் போட்டுப் பிசைந்து சாப்பிட்டோம். நான்கூட இரண்டு முறை வாங்கிப் போட்டுக்கொண்டேன் என்பதை இங்கே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

இரண்டாம் நாள் வடக்கே பெச்சபூன் என்ற மலையூருக்குப் பேருந்து ஏறினோம். அந்தப் பயணத்தில்தான் கார்த்தியின் போன் கதைக்குள் வருகிறது. கார்த்தி நல்ல பையன், அம்மாமேல் உயிர். ஆனால் நாளைக்கு நாலு தடவை கூப்பிடுவான். சாப்பிட்டாயா, மாத்திரை போட்டாயா என்று ஆரம்பித்து, குழந்தைக்கு ஏன் அழுகை, தலைக்கு எண்ணெய் வைக்கலாமா என்று முடிப்பான். போன் அடித்தால் அக்கா எந்த வேலையில் இருந்தாலும் அப்படியே போட்டுவிட்டு எடுப்பார். அன்று பாதி வழியில், ஒரு பெட்ரோல் பங்க் ஓரம் வண்டியைப் பதினைந்து நிமிடம் நிறுத்தினார்கள். ஏறப்போகிற நேரத்தில் போன் அடித்தது. பேரனுக்குச் சளி. எந்த மருந்து, எத்தனை மில்லி. சிக்னல் சரியில்லை என்று அக்கா பேசிக்கொண்டே நடந்து நடந்து, பங்குக்குப் பின்னால் நின்ற புளியமரத்தடிக்கே போய்விட்டார். நான் அவரை இழுத்துக்கொண்டு வருவதற்குள் பேருந்து போய்விட்டது.

முதுகுப்பைகளைத் தோளிலிருந்து இறக்கவே கூடாது என்பது அக்காவின் கொள்கை. அதனால் அவை தப்பின. இருக்கைக்கு முன்னால் கொக்கியில் தொங்கிய மஞ்சள் பை மட்டும் பெச்சபூனுக்குப் போய்விட்டது. பங்கில் வேலை செய்த பெண் இரண்டு நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து, யாருக்கோ போன் செய்து பார்த்தாள். பை கிடைக்கவில்லை. அடுத்த பேருந்துக்கு இரண்டரை மணி நேரம். தொப்பூர் கணவாயில் லாரி கவிழ்ந்து வழி அடைத்துக்கொண்டால் ஜனம் ரோட்டோரத்தில் உட்கார்ந்திருக்குமே, அப்படி உட்கார்ந்திருந்தோம்.

"பை போனாப் போவுதுங்க. நான் இருக்கேன்ல" என்றேன்.

"உன்னயப் பெசஞ்சு திங்க முடியுமா" என்றார் அக்கா.

பெச்சபூனில் நாங்கள் தங்கியது ஒரு விவசாயி வீட்டின் பின்னறையில். வீட்டுக்காரம்மா பெயர் பா நோய். பா என்றால் அத்தை மாதிரி ஒரு மரியாதைச் சொல்லாம். என் வயதைவிடப் பத்துப் பன்னிரண்டு கூட இருக்கும். எப்போதும் சிரித்த முகம். ஒரு வார்த்தை ஆங்கிலம் கிடையாது. அவருடைய மகள் மாலி பள்ளிக்கூட ஆசிரியை, நல்ல ஆங்கிலம் பேசினாள். அவள் வீட்டிலிருந்தால் பேச்சு நடக்கும், பள்ளிக்குப் போய்விட்டால் கையும் கண்ணும்தான்.

மூன்றாம் நாள் காலையில் வாசலுக்கு வந்து நின்றேன். எதிரே மலை, எங்கள் ஊர்ச் சித்தேரி மலையை யாரோ இங்கே கொண்டுவந்து வைத்த மாதிரி. மலையடிவாரம் முழுக்கக் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளிக் காடு. ரோட்டின் இரண்டு பக்கமும் புளியமரம். எங்கள் பக்கம் நாலுவழிச் சாலைக்காக வெட்டித் தள்ளினார்களே, அவ்வளவு மரமும் இங்கே வந்து நிற்கிறதோ என்று தோன்றியது. வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. அதற்குள் ஏழெட்டுப் பெண்கள் கூடை கூடையாகப் புளியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஜனவரி மாதம், எங்கள் ஊரிலும் இது புளி சீசன்தான். மதிப்பெண் கணக்கு முப்பதைத் தாண்டியது. நான் சந்தோஷத்தில் மிதந்தேன்.

"எல்லாம் நம்ம ஊரு மாதிரியேதான் இருக்குது மேரி" என்றார் அக்கா. "வாயில வெக்கறது மட்டும் வேற மாதிரி இருக்குது."

பா நோய் மனம் கோணாமல் சமைத்துப் போட்டார். குழைந்த அரிசிச் சோறு, கீரை வதக்கல், கோழிக் குழம்பு, எல்லாவற்றிலும் மீனை உப்பில் ஊறவைத்து எடுத்த ஒரு சாறு. எனக்கு அது ஒன்றும் செய்யவில்லை. அக்காவுக்கோ அந்த வாடை மூக்கில் ஏறியதுமே குமட்டியது. வீட்டில் ஞாயிற்றுக்கிழமை கோழி சாப்பிடுகிறவர்தான், கருவாடுதான் சின்ன வயதிலிருந்தே ஆகாது. ஆனால் அதைச் சொல்ல மாட்டார். போட்ட சோற்றைக் குற்றம் சொல்லக் கூடாது என்பது அவர் வளர்ந்த வீட்டின் ஒழுங்கு. ஒரு வாய் எடுத்து, கண்ணில் நீர் வர விழுங்கி, "நல்லா இருக்குதுங்க" என்று தலையாட்டுவார். பா நோய் மகிழ்ந்துபோய் இன்னொரு கரண்டி ஊற்றுவார். பிறகு அக்கா அறைக்குள் வந்து வாழைப்பழமும் பிஸ்கட்டும் தின்பார். சொல்லிவிடலாம் என்று நான் வாயெடுத்தபோது கையை அழுத்திப் பிடித்துக்கொண்டார். "அவுங்க மனசு நோவும். பேசாம இரு."

நாலாம் நாள் மலைமேல் ஒரு கோயிலுக்குப் போனோம். நூறு படிகூட ஏறியிருக்க மாட்டோம், அக்கா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். முகம் வெளிறி நெற்றியெல்லாம் வேர்வை. நாடியைப் பிடித்துப் பார்த்தேன். காலையில் வெறும் வயிற்றில் பிரஷர் மாத்திரை போட்டிருக்கிறார். நோயாளி யாராவது அப்படிச் செய்திருந்தால் அக்கா வார்டையே இரண்டாக்கியிருப்பார்.

"திரும்பிப் போயிரலாம் மேரி" என்றார். "டிக்கெட்ட மாத்திரு. நான் ஆசப்பட்டுக் கெளம்பிட்டேன். எனக்கு இதெல்லாம் ஒத்து வராது."

எனக்குக் கோபம் வந்தது. ஆத்திரத்தில் வாய் நீண்டது. "வாயத் தொறந்து சொன்னா ஒரு முட்டையாவது பொரிச்சுத் தருவாங்கல்ல. ஊமையாட்டம் தலைய ஆட்டிட்டு, இப்ப வூட்டுக்குப் போவணும்னா என்னங்க அர்த்தம்?"

"நான் என்ன வேணும்னேவா பண்றேன்" என்றார் அக்கா. படியில் உட்கார்ந்து கீழே தெரிந்த வயல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு இருந்தது ஒருவாட்டி. அதில் பாதி பேருந்திலும் மீதி பசியிலும் போய்விட்டது. இனி மார்ச்சில் பெங்களூர், அப்புறம் குழந்தை பள்ளிக்கூடம், அப்புறம் முழங்கால். திரும்ப எங்கே வருவது? இதெல்லாம் எனக்குத் தெரியும், தெரிந்தும் அப்படிப் பேசிவிட்டேனே என்று என்மேலேயே எனக்கு வெறுப்பாக இருந்தது.

கீழே வந்ததும், மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்திருந்த மாலியிடம் சொல்லி, மறுநாள் காலை எட்டு மணிக்கு, பேருந்து நிலையம் போக வேன் ஏற்பாடு செய்தோம், விமான டிக்கெட்டைப் பாங்காக்கில் மாற்றிக்கொள்ளலாம் என்று. மாலி ஏன் என்று கேட்டாள். ஊரில் அவசர வேலை என்று பொய் சொன்னேன். பா நோயின் முகம் வாடிவிட்டது. மாலி திரும்பப் பள்ளிக்குப் போனாள், அக்கா படுத்துவிட்டார். நான் வாசல்படியில் உட்கார்ந்து புளியமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் புத்தி வேலை செய்தது. புளி இருக்கிறது. பா நோய் அடுக்களையில் மிளகு, சீரகம், பூண்டு, கொத்தமல்லி எல்லாம் இருக்கிறது. மூன்று நாளாக ஒரு டம்ளர் ரசம் வைக்க எனக்குத் தோன்றவில்லையே.

இங்கே என் குலப்பெருமையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டுக் காட்டில் ஒன்பது புளியமரம். தை, மாசி இரண்டு மாதமும் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் புளி உடைப்பதுதான் எனக்கு வேலை. ஓடு தட்டுவது, நார் உரிப்பது, கொட்டை எடுப்பது எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு செய்வேன். புளியைத் தொட்டுப் பார்த்தே எந்த மரம் என்று சொல்வேன் என்று கல்யாணமான புதிதில் மாமியார் வீட்டில் பீற்றிக்கொண்டதும் உண்டு. அந்த வேலைக்கு எங்கள் அம்மா ஒரே ஒரு சட்டம் வைத்திருந்தார். உடைக்கும்போது ஒரு சுளையும் வாயில் போகக் கூடாது. எச்சில் பட்ட கை பட்டால் புளியில் பூச்சி விழும், வருடம் முழுக்க வைத்திருக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகாமல்கூட இருந்திருக்கிறேன், இந்தச் சட்டத்தை மீறியதில்லை. எங்கள் வீட்டில் ரசத்தையும் யாரும் ருசி பார்த்து இறக்க மாட்டார்கள். நுரை கூடி வாசம் வந்தால் இறக்கிவிடுவார்கள்.

கொட்டகைக்குப் போய், பா நோயிடம் புளியைக் காட்டி, என்னைக் காட்டி, சமைக்கிற மாதிரி கையைச் சுழற்றினேன். அவர் என்னவோ சொல்லிச் சிரித்துக்கொண்டே, ஓரமாகத் தனியே வைத்திருந்த கூடையிலிருந்து நீளநீளமான காய்களாகப் பொறுக்கி ஒரு தட்டு நிறையக் கொடுத்தார். அந்தப் பெண்கள் வேலை செய்வது வேடிக்கையாக இருந்தது. எங்கள் ஊரில் மரத்தில் ஏறி உலுக்குவோம், கோலால் அடிப்போம், கீழே விழுந்ததை அள்ளுவோம். இவர்கள் ஒவ்வொரு காயாகக் கத்தரிக்கோலால் காம்பை நறுக்கி, பச்சைக் குழந்தையைக் கிடத்துவதுபோலப் பெட்டியில் அடுக்கினார்கள். புளிக்கு இவ்வளவு சீர்வரிசையா, வேலையத்தவர்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

தட்டைக் கொட்டகை வாசலிலேயே தரையில் கொட்டி, அடுக்களையிலிருந்து எடுத்து வந்த மர உலக்கையால் நாலு தட்டு தட்டினேன். ஓடு சிதறியது. கொட்டகையிலிருந்த பெண்கள் எல்லோரும் கையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்கள். ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். என் கைவேகத்தைப் பார்த்துத்தான் அசந்துவிட்டார்கள் என்று எனக்கு இன்னும் கொஞ்சம் வேகம் வந்தது. இருபது நிமிட வேலையைப் பத்து நிமிடத்தில் முடித்துக் காட்டினேன். பா நோய் மட்டும் ஏதோ சொல்ல வந்து, விருந்தாளியாயிற்றே என்று நினைத்தாரோ என்னவோ, நிறுத்திக்கொண்டார்.

புளியைக் கரைத்தேன். நிறம் அருமையாக இருந்தது. மிளகு, சீரகம், பூண்டு தட்டிப் போட்டு, கொஞ்சம் இஞ்சியும் நசுக்கிச் சேர்த்து, காய்ந்த மிளகாய் கிள்ளித் தாளித்து, கொத்தமல்லி தூவினேன். நுரை கூடி வந்ததும் இறக்கினேன். வாசம் என்னவோ சரியாகத்தான் இருந்தது. பள்ளி விட்டு வந்த மாலியும் பா நோயும் கதவருகே நின்று பார்த்தார்கள். நான் முதல் டம்ளரை எடுத்துக்கொண்டு போய் அக்காவை எழுப்பினேன்.

"அக்கா, எந்திரிங்க. ரசம் வெச்சிருக்கேன். நம்ம ஊரு ரசம். குடிச்சுட்டு அப்புறமா என்னயத் திட்டுங்க."

ரசம் என்றதும் அக்கா எழுந்து உட்கார்ந்துவிட்டார். மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். கண் கலங்கியதுபோல இருந்தது. ஒரு வாய் குடித்தார். டம்ளரை இறக்கி உள்ளே எட்டிப் பார்த்தார். இன்னொரு வாய் குடித்தார். உப்பு கூடிவிட்டதோ?

"மேரி" என்றார் மெதுவாக. "இதுல வெல்லம் போட்டியா?"

"ரசத்துல யாராச்சும் வெல்லம் போடுவாங்களா?"

"அப்ப நீயே குடிச்சுப் பாரு."

குடித்தேன். தித்தித்தது. புளிப்பு எங்கோ அடியில் கொஞ்சம் கிடந்தது. இஞ்சியும் மிளகும் தொண்டையில் காரமாக இறங்க, மேலே முழுக்க இனிப்பு. எனக்கு ஒன்றும் புரியவில்லை. அக்கா மூன்றாவது வாயையும் குடித்துவிட்டுச் சொன்னார். "பங்குனி மாசம் எங்கூரு மாரியம்மன் கோயில்ல பானகம் ஊத்துவாங்க. அதேதான் இது. என்ன, பானகத்துல பூண்டு போட்டது ஒலகத்துலயே நீ ஒருத்திதான்."

சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். டம்ளரைக் கீழே வைத்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். இந்த நாட்டில் வந்து இறங்கிய பிறகு அவர் அப்படிச் சிரிப்பது அதுதான் முதல் தடவை. எனக்கும் தாங்கவில்லை. பா நோய் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு மகளிடம் ஏதோ கேட்டார். மாலி கொஞ்சம் தயங்கிவிட்டு மொழிபெயர்த்தாள். "எங்கள் ஊர் இனிப்புப் புளிக்குப் பெயர் போனது. பழம் மாதிரி அப்படியே உரித்துச் சாப்பிடுவோம். உங்களுக்காக இருப்பதிலேயே நல்லதைப் பொறுக்கிக் கொடுத்தாராம். அதை ஏன் உலக்கையால் அடித்துப் பூண்டு போட்டு வேகவைத்தீர்கள் என்று அம்மா கேட்கிறார்."

எங்கள் காட்டில் ஒன்பது மரம் இருப்பதை நான் மாலியிடம் சொல்லவில்லை. புளிப்பில்லாத புளி ஒன்று உலகத்தில் உண்டு என்று யாராவது சொல்லியிருந்தால்கூட நான் நம்பியிருக்க மாட்டேன். ஒரே ஒரு சுளையை வாயில் போட்டிருந்தால் தெரிந்திருக்கும். அம்மா சட்டம் அங்கேயும் கூடவே வந்து நின்றது.

பா நோய் டம்ளரை வாங்கி ஒரு வாய் குடித்துப் பார்த்தார். நன்றாக யோசித்தார். மாலி மொழிபெயர்த்தாள். "மருந்து என்று சொன்னால் குடிக்கலாம் என்கிறார்."

அதற்கும் அக்கா சிரித்தார். சிரித்து ஓய்ந்தபோது முகத்தில் களை வந்திருந்தது. ஒரு தடவை என்னைப் பார்த்தார், பிறகு மாலியைப் பார்த்தார். "மேரி, இந்தப் புள்ளகிட்ட சொல்லு. அவுங்கம்மா சமையல் மேல ஒரு குத்தமும் இல்ல. அந்த மீன் தண்ணிதான் எனக்கு ஆவறதில்ல. அது இல்லாம ஒரு முட்டையும் சோறும் கெடைக்குமான்னு கேளு."

நான் கேட்டேன். மாலி சொல்லச் சொல்ல பா நோயின் கை நெற்றிக்குப் போனது. "மூன்று நாளாகப் பட்டினியா கிடந்தீர்கள்? வந்த அன்றைக்கே சொல்வதற்கு என்ன? நீங்கள் தலையாட்டியதைப் பார்த்து நான் இன்னும் ரெண்டு கரண்டி சேர்த்தல்லவா ஊற்றினேன்?" என்றார் மாலி வழியாக. பத்து நிமிடத்தில் சோறும், உப்பும் மிளகும் தூவிய இரண்டு முட்டையும் வந்தன. அக்கா இரண்டு தட்டு சாப்பிட்டார். மாத்திரையைச் சோற்றுக்குப் பிறகு போட்டுக்கொண்டார். பானகத்தில் ஒரு சொட்டு மிச்சம் வைக்கவில்லை. ஆனால் மறுநாள் வேன் பற்றி அவரும் பேசவில்லை, கேட்க எனக்கும் தைரியம் வரவில்லை. சாப்பிட்டதற்கே சந்தோஷப்பட்டுக்கொண்டு படுத்தேன்.

ஐந்தாம் நாள் காலையில் கண் விழித்தபோது அக்காவின் கட்டில் காலியாக இருந்தது. அவருடைய பை கட்டிக் கதவோரம் தயாராக இருந்தது. நானும் என் பையைக் கட்டிக்கொண்டு வாசலில் வைத்தேன். மனசு கனத்தது. எட்டு மணிக்குச் சரியாக வேன் வந்து ஹாரன் அடித்தது. அக்காவைக் காணவில்லை. வீட்டைச் சுற்றி வந்தேன். கொட்டகையில் இருந்தார்.

தாழ்வான பலகையில், அந்தப் பெண்களுக்கு நடுவே, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு கையில் கத்தரிக்கோல். முப்பத்தைந்து வருடம் நோயாளிகளுக்குத் தையல் பிரித்த கை. காம்பு ஒன்றுபோல நறுக்கி விழுந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு கூடையிலும் ஒரு காயை உடைத்து வாயில் போட்டுப் பார்த்து, பா நோயிடம் தலையை ஆட்டுவார் அல்லது உதட்டைப் பிதுக்குவார். ஆட்டினால் கூடை வலது பக்கம் போகும், பிதுக்கினால் இடது பக்கம். போட்டதைக் குற்றம் சொல்லாதவர் அங்கே உட்கார்ந்து கூடை கூடையாகக் குற்றம் கண்டுபிடித்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, வண்டி வந்துருச்சுங்க."

"இன்னும் ரெண்டு கூட பாக்கி இருக்குது" என்றார், தலையைத் தூக்காமல்.

"வண்டிக்காரர் நிக்கறாரு."

"அவரப் போவச் சொல்லு மேரி. நம்ம டிக்கெட்டு திங்கக்கெழமைக்குத்தான? அதுவரைக்கும் இருந்து பாத்துட்டுப் போலாம். மலக்கோயில்லயும் பாதிப் படிதான் ஏறியிருக்குது."

நான் மாலியிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். வேன் போய்விட்டது. இரண்டு பைகளையும் தூக்கி அறைக்குள் போட்டுவிட்டு வந்து அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அழுகை வருகிற மாதிரி இருந்தது, சந்தோஷம்தான். அக்கா ஒரு காயை விரலால் நெரித்து, நாரை உரித்து, சுளையை என்னிடம் நீட்டினார். "மொதல்ல வாயில போட்டுப் பாரு. அப்பறம் கத்திரியத் தொடு. இங்க அதான் மொறை."

அம்மாவை மனதில் நினைத்துக்கொண்டு வாயில் போட்டேன். பேரீச்சம்பழம் போல இருந்தது. வலது பக்கம் என்றேன். பா நோய் சரி என்றார்.

அப்போது அக்காவின் போன் அடித்தது. கார்த்தி. அக்கா இடது கையின் இரண்டு விரலால் போனை எடுத்தார். அவன் குரல் எனக்கும் கேட்டது. "அம்மா, சாப்டியா? பஸ் ஏறிட்டியா? இவன் தூங்கவே மாட்டேங்கறான், என்ன பண்றது?"

"சளி எறங்கிருச்சா?"

"எறங்கிருச்சும்மா. சும்மாதான் அழுவறான்."

"அப்ப தோள்ல போட்டுட்டு நீயே நட. நான் வேலையா இருக்கேன். சாயங்காலம் கூப்புடு" என்று சொல்லிவிட்டு, போனைக் கூடை ஓரம் கவிழ்த்து வைத்துவிட்டு, அக்கா அடுத்த காயை எடுத்தார்.